போலிக் கைரேகை

2018 பிப்ரவரி 9, இரவு 8 மணி. தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழா ஆரம்பமாகும் நேரத்தில், விழாவைத் தாங்கி நிற்கும் கணினிகள் சரியத் தொடங்கின. அரங்கின் வைஃபை போயிற்று. செய்தியாளர் மையத்தின் இணையத் தொலைக்காட்சிகள் கறுத்தன. ஒலிம்பிக் இணையதளம் செயலிழந்ததால் சிலரால் வாங்கிய டிக்கெட்டை அச்சிட்டு எடுக்கக்கூட முடியவில்லை. தொலைக்காட்சியில் விழா பார்த்த கோடிக்கணக்கானவர்களுக்கு இது எதுவும் தெரியாது. திரைக்குப் பின்னால் தொழில்நுட்பக் குழு இரவு முழுக்கக் கண்விழித்து, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் எல்லாவற்றையும் மீட்டது.

இதைச் செய்த மால்வேருக்கு சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் ஆய்வுக்குழு ‘ஒலிம்பிக் டெஸ்ட்ராயர்’ என்று பெயர் வைத்தது. அது நுழைந்த கணினியில் இருக்கும் பாஸ்வேர்டுகளைத் திருடும். அவற்றைத் தன் உடலிலேயே சேர்த்துக்கொண்டு பக்கத்துக் கணினிக்குத் தாவும். பிறகு காப்புப் பிரதிகளை அழிக்கும், நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவேடுகளை அழிக்கும், கணினி மறுபடி எழுந்திருக்க முடியாதபடி சேவைகளை முடக்கிவிட்டு அணைத்துவிடும். ஒலிம்பிக் வலையமைப்பின் 44 கணக்குகளின் பெயரும் பாஸ்வேர்டும் அதற்குள் எழுதப்பட்டிருந்தன. அதாவது, விழாவுக்கு முன்பே யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார்கள்.

யார்? அடுத்த சில நாட்களில் உலகின் தேர்ந்த ஆய்வுக் கூடங்கள் அந்த நிரலைப் பிரித்துப் பார்த்தன. டாலோஸ் குழு, ரஷ்யாவோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டுவந்த நாட்பெட்யா, பேட் ராபிட் ஆகிய மால்வேர்களின் செயல்முறையோடு ஒப்புமை கண்டது. இன்டெஸர் நிறுவனம், சீனக் குழுக்கள் பயன்படுத்திய நிரல் துண்டுகளை அதில் கண்டது. ரெக்கார்டட் ஃபியூச்சர், வடகொரியாவின் லாசரஸ் குழுவின் சாயலைச் சுட்டியது. ஒரே கோப்பு, மூன்று நாடுகள். இத்தனைக்கும் எந்த ஆய்வாளரும் கண்டதைத் தவறாகச் சொல்லவில்லை. அந்தச் சாயல்கள் எல்லாம் உண்மையாகவே அந்த நிரலில் இருந்தன. யாரோ அவற்றை அங்கே வைத்திருந்தார்கள்.

கணினித் தாக்குதலின் மூலத்தைத் தேடுவது ஏன் இத்தனை சிக்கலானது என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான ஒரு வழக்கை நான் அறியேன். ஆனால் பியோங்சாங்கின் புதிரை அவிழ்ப்பதற்கு முன், இணையத்தின் அடித்தளத்தைப் பார்த்துவிட வேண்டும். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இணையத்தில் செல்லும் தரவு சிறு சிறு பாக்கெட்டுகளாக உடைந்து பயணிக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் இரண்டு ஐபி முகவரிகள் இருக்கும்: போக வேண்டிய இடம், புறப்பட்ட இடம். வழியிலுள்ள ரவுட்டர்கள் போக வேண்டிய முகவரியைப் பார்த்துத்தான் பாக்கெட்டைத் தள்ளிவிடுகின்றன. இன்லேண்டு லெட்டரின் பின்புறம் அனுப்புநர் என்று எந்தப் பெயரை எழுதினாலும் தபால்காரர் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் போல, புறப்பட்ட முகவரி உண்மையா என்பதை வலையமைப்பு பெரும்பாலும் சரிபார்ப்பதில்லை. பொய் முகவரியோடு பாக்கெட் வெளியேறாமல் ஒவ்வொரு இணைய நிறுவனமும் தன் வாசலிலேயே வடிகட்ட வேண்டும் என்ற பரிந்துரை 2000 முதலே இருக்கிறது. எல்லா நிறுவனங்களும் அதைச் செய்வதில்லை. பாக்கெட்டுகளைக் கொட்டி ஒரு தளத்தை மூழ்கடிக்கும் தாக்குதல்கள் பல இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்துகின்றன.

இது யாரோ மறந்துவிட்டுப் போன விஷயமில்லை. இணையத்தின் நெறிமுறைகளை வடிவமைத்தவர்களில் ஒருவரான டேவிட் கிளார்க் 1988இல் ஒரு கட்டுரை எழுதினார். வடிவமைப்பாளர்களுக்கு எவை முக்கியமாக இருந்தன என்பதை அதில் வரிசைப்படுத்துகிறார். ராணுவத்துக்காகப் பிறந்த வலையமைப்பு என்பதால், சில பகுதிகள் அழிந்தாலும் தொடர்பு அறுந்துபோகக் கூடாது என்பது முன்னணியில் இருக்கிறது. யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு வைப்பது பட்டியலின் கடைசியில், ஏழாவதாக வருகிறது. நடுவில் இருக்கும் கருவிகள் எதையும் நினைவில் வைக்காமல் இருந்தால்தான், ஒன்று போனால் இன்னொன்று அதன் வேலையைச் சட்டென்று ஏற்க முடியும். இணையத்தை உலகெங்கும் பரவச் செய்த அதே குணம்தான் தாக்கியவனின் பாதையையும் மறக்கிறது.

கணினிக்குள் நுழைந்து உட்கார வேண்டிய ஊடுருவலில் பொய் முகவரி உதவாது. பதில் திரும்பி வந்தால்தானே அடுத்த கட்டளையைக் கொடுக்க முடியும்? அதனால் ஊடுருவுபவர்கள் வேறு வழியில் போகிறார்கள்: ஏற்கெனவே கைப்பற்றிய ஒரு கணினியிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று. பிரேசிலில் ஒரு பள்ளியின் சர்வர், போலந்தில் ஒரு வீட்டு ரவுட்டர், சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு மெய்நிகர் கணினி என்று சங்கிலி நீளலாம். பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவது கடைசிக் கண்ணி மட்டும். அதற்கு முந்தைய கண்ணியைப் பார்க்க அந்த நாட்டின் நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும், அந்த நிறுவனம் பதிவேடு வைத்திருக்க வேண்டும், அது அழிந்திருக்கக் கூடாது. ஐபி முகவரி ஓர் ஆளின் அடையாளமும் இல்லை. உலகில் பழைய முறையிலான முகவரிகள் ஏறத்தாழ 430 கோடிதான் என்பதால், செல்போன் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. முகவரியோடு போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் இருந்தால்தான் எந்த போன் என்று சொல்ல முடியும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கணினிக் கடிகாரங்களை ஒரே நேரத்துக்குச் சீர்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டது இப்படிப்பட்ட தேடலுக்கு உதவும். கடிகாரம் சில நொடிகள் பிசகினால், சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டும்.

இந்தச் சங்கிலியை முனை வரை இழுத்துப் பார்த்த முதல் பெரிய கதை 1986இல் நடந்தது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிஃப் ஸ்டோல் என்ற வானியலாளர், நிதி தீர்ந்துபோனதால் கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். கணினி நேரத்துக்கான கட்டணக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. அந்தக் காலத்துக்கும் அது சில்லறைக் காசுதான். வேறு யாராக இருந்தாலும் கைக்காசைப் போட்டு நேர்செய்திருப்பார்கள். நட்சத்திர ஒளியின் மிகச் சிறு மாற்றத்தையும் விடாமல் குறித்துப் பழகிய ஸ்டோல் அதைத் துருவினார். கட்டணம் செலுத்தாத ஒரு பயனர் கணக்கு இருந்தது. அதைப் பயன்படுத்தியவன் அங்கிருந்து அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

ஸ்டோல் அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தவில்லை. உள்ளே வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளைக் கோத்து, அவன் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் காகிதத்தில் பதித்தார். பின்னோக்கிய பயணம் மாதக்கணக்கில் நீண்டது. அழைப்பு உள்ளூர்த் தரவு வலையமைப்பு வழியாக வந்தது, அதற்கு முன் வர்ஜீனியாவில் ஒரு பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனத்தின் வழியாக, அதற்கும் முன் அட்லாண்டிக்கைக் கடந்து மேற்கு ஜெர்மனியிலிருந்து. கடைசியில் ஹனோவர் நகரம். அங்கே தொலைபேசி நிலையத்தில் பழைய இயந்திரச் சுவிட்சுகள் இருந்தன. ஓர் ஊழியர் நேரில் போய், சுவிட்ச் சுவிட்சாக இணைப்பைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அதற்கு நெடுநேரம் தேவை. ஊடுருவியவனோ சில நிமிடங்களில் இணைப்பைத் துண்டித்துவிடுவான்.

அவனை உட்காரவைக்க ஸ்டோலும் அவருடைய தோழியும் ஒரு தூண்டில் செய்தார்கள். அன்றைய அமெரிக்காவின் விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தைப் பற்றிய ரகசியக் கோப்புகள் என்று தோன்றும்படி பக்கம் பக்கமாகப் பொய் ஆவணங்களை எழுதிக் கணினியில் வைத்தார்கள். அவன் அவற்றைப் படித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தான். ஜெர்மனியில் தடம் முடிந்தது: மார்கஸ் ஹெஸ். அவனும் கூட்டாளிகளும் சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்குத் தகவல் விற்றுவந்தார்கள். 1990இல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அந்தத் தூண்டில் இன்னொன்றையும் பிடித்தது. இல்லாத திட்டத்தின் ஆவணங்களைக் கேட்டு, பிட்ஸ்பர்க் நகரிலிருந்து தபாலில் ஒரு கடிதம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. பொய்க் கோப்புகளைப் பார்த்தது ஹனோவர் ஆள் மட்டுமே. அப்படியானால் அவனிடமிருந்து தகவல் யாருக்கோ போய், அவர்கள் வழியாகப் பிட்ஸ்பர்க்குக்கு வந்திருக்கிறது. கம்பித் தடத்தால் கண்டுபிடிக்க முடியாத, அவனுக்குப் பின்னால் நின்ற கையை ஒரு தபால்தலை காட்டிக்கொடுத்தது.

ஸ்டோலின் வேட்டையில் இருந்த வசதி இன்று இல்லை. அன்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு தொலைபேசி நிறுவனம் இருந்தது, அங்கே பேசுவதற்கு ஒரு மனிதர் இருந்தார். நாடுகளும் நட்பு நாடுகள். தடம் மாஸ்கோ வரை போயிருந்தால் அங்கே சுவிட்சைப் பார்க்க யாரும் போயிருக்க மாட்டார்கள்.

கடைசிக் கண்ணியைப் பார்த்து முடிவுக்கு வருவது எவ்வளவு ஆபத்தானது என்பதை 1998 பிப்ரவரி காட்டியது. ஈராக் மீது அமெரிக்கா படை நடவடிக்கைக்குத் தயாராகிக்கொண்டிருந்த வாரங்களில் அமெரிக்க ராணுவக் கணினிகளில் ஊடுருவல் நடந்தது. தடங்களில் ஐக்கிய அரபு அமீரகத்தின் இணைய நிறுவனம் ஒன்று தெரிந்தது. ஈராக்கின் வேலை என்ற எண்ணம் வலுத்தது. விசாரணை முடிந்தபோது கிடைத்தவர்கள் கலிபோர்னியாவின் பதின்வயதுப் பையன்கள் இருவரும், அவர்களுக்கு வழிகாட்டிய ஓர் இஸ்ரேலிய இளைஞனும். படைகள் நகரும் வேளையில் அப்படி ஒரு பிழையான ஊகம் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று எண்ணினால் இன்றும் எனக்கு அச்சமாக இருக்கிறது.

பின்னாளில் சங்கிலியை அறுக்கும் உத்திகள் இன்னும் நுட்பமாயின. 2015இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் வெளியிட்ட ஒன்று என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. துர்லா என்று அழைக்கப்படும் ரஷ்ய மொழி பேசும் உளவுக் குழு, திருடிய தரவைப் பெறும் இடத்தை மறைக்கச் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தியது. ஆப்பிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் ஒருவழிச் செயற்கைக்கோள் இணையம் உண்டு. பயனரின் கோரிக்கை தொலைபேசிக் கம்பி வழியாகப் போகும், பதில் மட்டும் வானிலிருந்து இறங்கும். இறங்கும் தரவு பல சேவைகளில் மறையாக்கம் செய்யப்படுவதில்லை. ஒரு பயனருக்கு உரிய பாக்கெட், செயற்கைக்கோளின் அலை எட்டும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பு முழுவதிலும் விழுகிறது. துர்லா செய்தது இதுதான்: ஏதுமறியாத ஒரு பயனரின் ஐபி முகவரியைத் தேர்ந்தெடுத்து, திருடிய தரவை அந்த முகவரிக்கு அனுப்பும்படி மால்வேருக்குச் சொல்லிவைக்கும். பாக்கெட் வானிலிருந்து இறங்கும்போது அந்த அப்பாவியின் கணினி அதைக் கேட்காத சரக்கு என்று உதறிவிடும். அதே பரப்பில் எங்கோ ஒரு டிஷ் ஆன்டெனா வைத்துக் காத்திருக்கும் துர்லாவின் ஆள் அதைப் பிடித்துக்கொள்வான். சர்வரைத் தேடிப் போகும் விசாரணையாளர், வேறொரு நாட்டில் ஒன்றுமறியாத ஒரு வீட்டின் கூரையில் போய் முட்டி நிற்பார். ஆன்டெனா வைத்தவன் எங்கே இருந்தான் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பவன் தடயம் விடுவதில்லை.

ஆகவே முகவரியை விட்டு, மனிதர்களின் பழக்கத்தைப் படிக்கத் தொடங்கினார்கள் ஆய்வாளர்கள். எந்த நேரத்தில் வேலை செய்கிறார்கள்? எந்த நாளில் விடுமுறை? விசைப்பலகை எந்த மொழியில் இருக்கிறது? எழுத்துப்பிழை எப்படிப்பட்டது? 2013இல் மாண்டியன்ட் நிறுவனம், சீன ராணுவத்தின் 61398ஆம் பிரிவைப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டிய அறிக்கை இந்த முறையின் உச்சம். ஊடுருவியவர்கள் தங்கள் தாக்குதல் கணினிகளில் 1,905 முறை நுழைந்ததை மாண்டியன்ட் ஆய்வாளர்கள் எண்ணியிருந்தார்கள். அவற்றில் 97 சதவீதத்துக்கும் மேல் ஷாங்காயின் ஐபி முகவரிகளிலிருந்து, எளிமையாக்கப்பட்ட சீன எழுத்துக்கு அமைத்த கணினிகளிலிருந்து வந்தவை. அவர்களில் சிலர் சீனாவில் தடைசெய்யப்பட்ட ஃபேஸ்புக்கையும் ட்விட்டரையும் பார்க்க அதே தாக்குதல் கணினிகளைப் பயன்படுத்தியது, ஆளை அடையாளம் காண இன்னும் உதவியது. பல ஆண்டு உழைப்பு, ஏராளமான சம்பவங்கள், அலட்சியமான எதிராளி மூன்றும் சேர்ந்ததால் வந்த வெற்றி அது. அறிக்கை வெளியான மறுநாளே உலகத்தின் எல்லா ஊடுருவல் குழுக்களும் அதைப் பாடநூலாகப் படித்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி பியோங்சாங்குக்கு வருவோம். விண்டோஸுக்காக மைக்ரோசாஃப்டின் கருவிகளைக் கொண்டு ஒரு நிரலைத் தொகுக்கும்போது, கோப்பின் தொடக்கத்தில் ஒரு சிறு தரவுத் துண்டு தானாகவே எழுதப்படுகிறது. ‘ரிச் ஹெடர்’ என்று அதற்குப் பெயர். எந்தப் பதிப்புக் கருவிகளால் நிரல் தொகுக்கப்பட்டது, எத்தனை துண்டுகள் சேர்க்கப்பட்டன என்ற விவரம் சற்றே மறைத்த வடிவில் அதில் இருக்கும். நிரல் ஓடுவதற்கு அது தேவையே இல்லை. மைக்ரோசாஃப்ட் அதைப் பற்றி ஆவணம் எழுதியதில்லை, நிரல் எழுதுபவர்களில் பலர் அப்படி ஒன்று இருப்பதையே அறியார்கள். ஆய்வாளர்களுக்கு அதனாலேயே அது அருமையான தடயம். எழுதியவனுக்குத் தெரியாமல் அவனுடைய மேசையின் விவரம் கோப்பில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

காஸ்பர்ஸ்கியின் ஒப்பீட்டு அமைப்பு, ஒலிம்பிக் டெஸ்ட்ராயரின் அழிக்கும் பகுதியில் இருந்த ரிச் ஹெடர், லாசரஸ் குழுவின் பழைய மால்வேர் ஒன்றின் ரிச் ஹெடரோடு அப்படியே பொருந்துவதாகக் காட்டியது. நூற்றுக்கு நூறு. வழக்கு முடிந்தது என்று சொல்லிவிடக்கூடிய தருணம். ஆனால் சில சங்கதிகள் உறுத்தின. வடகொரியத் தலைவரின் தங்கை கிம் யோ ஜோங் அன்று விழா அரங்கில் அமர்ந்திருந்தார். இரு கொரியாக்களின் வீரர்களும் ஒரே கொடியின் கீழ் அணிவகுத்தார்கள். அந்த விழாவை வடகொரியாவே ஏன் குலைக்க வேண்டும்? இகோர் சூமென்கோவ் என்ற ஆய்வாளர் நிரலை மறுபடி பிரித்தார். ரிச் ஹெடர், நிரல் 1998ஆம் ஆண்டுக் காலத்து விஷுவல் சி++ 6 கருவியால் தொகுக்கப்பட்டதாகச் சொன்னது. நிரலின் உள்ளேயோ, அந்தக் கருவி வெளிவந்த காலத்தில் இல்லாத ஒரு விண்டோஸ் நூலகக் கோப்பைப் பற்றிய வரிகள் இருந்தன. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. நிரலைத் தொகுத்தது 2010ஆம் ஆண்டுப் பதிப்பு. யாரோ லாசரஸின் மால்வேரிலிருந்து ரிச் ஹெடரை வெட்டி எடுத்து இங்கே ஒட்டியிருந்தார்கள்.

அந்தக் கண்டுபிடிப்பு வெளியானபோது துறைக்குள் ஏற்பட்ட அதிர்ச்சிக்கு நியாயமான காரணம் உண்டு. யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று எண்ணிய தடயத்தையே போலியாகச் செய்ய முடியும் என்றால், அதை நம்பி முன்பு எழுதிய அறிக்கைகள் எல்லாம் எந்த நிலத்தில் நிற்கின்றன? கணினித் தடயவியலுக்கும் மற்றத் தடயவியலுக்கும் இடையிலுள்ள ஆழமான வேறுபாடு இதுதான் என்று கருதுகிறேன். கொலை நடந்த அறையில் கிடக்கும் முடியைக் கொலையாளி தன் விருப்பப்படி வடிவமைப்பதில்லை. மால்வேரில் இருக்கும் ஒவ்வொரு பைட்டையும் தாக்கியவன் தானே எழுதியிருக்கலாம். ஆகவே ஒரு தடயத்தை எடைபோடும்போது, அது எதைச் சுட்டுகிறது என்பதோடு, அதைப் போலியாகச் செய்ய எவ்வளவு உழைப்பு ஆகும் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ரிச் ஹெடரை ஒட்ட ஒரு மதியப் பொழுது போதும். ஆண்டுக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்திய சர்வர்களின் வரலாற்றைப் பின்னாலிருந்து யாராலும் இட்டுக்கட்ட முடியாது.

மைக்கேல் மடோனிஸ் பற்றிக்கொண்டது அந்த இரண்டாவது இழையைத்தான். ஃபயர்ஐ நிறுவனத்தில் பணியாற்றிய இளைஞர் அவர். மற்றவர்கள் அழிவு நிரலைத் துருவிக்கொண்டிருக்க, அவர் அதற்கு முந்தைய படியைப் பார்த்தார்: ஊடுருவல் தொடங்கக் காரணமான, மின்னஞ்சலில் வந்த வேர்டு கோப்பு. அதில் ஒளிந்திருந்த மேக்ரோ, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் ஒரு கருவியால் செய்தது. கூட்டத்தில் மறையத்தான் அப்படிப்பட்ட கருவி. அதே வார்ப்பில் வந்த வேறு கோப்புகளை அவர் தேடிச் சேர்த்தார். உக்ரைனின் அமைப்புகளைக் குறிவைத்த கோப்புகள் அவற்றில் இருந்தன. அந்தக் கோப்புகள் பேசிய சர்வர்களையும், அந்த சர்வர்களில் முன்பு குடியிருந்த டொமைன் பெயர்களையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில், 2016இல் அமெரிக்காவின் மாநிலத் தேர்தல் அமைப்புகளைத் துழாவிய தாக்குதல் பற்றி எஃப்பிஐ விடுத்த எச்சரிக்கையில் இருந்த ஒரு டொமைன் வந்து முட்டியது.

தேர்தல் ஊடுருவலுக்காக 2018 ஜூலையில் அமெரிக்கா ரஷ்ய ராணுவ உளவுத்துறையான ஜிஆர்யூவின் 12 அதிகாரிகள் மேல் குற்றப்பத்திரிகை போட்டது. தேர்தல் அமைப்புகளைத் துழாவியது 74455ஆம் பிரிவு என்றும், அதில் அனடோலி கோவலெவ் என்பவர் இருந்தார் என்றும் அது சொன்னது. 2020 அக்டோபர் 19 அன்று வந்த இன்னொரு குற்றப்பத்திரிகை அதே பிரிவின் ஆறு பேரை, நாட்பெட்யாவுக்கும் உக்ரைன் மின்வெட்டுக்கும் பியோங்சாங்குக்கும் சேர்த்துக் குற்றம்சாட்டியது. கோவலெவின் பெயர் அதிலும் இருந்தது. ஊக்கமருந்து விவகாரத்தால் ரஷ்ய வீரர்கள் அந்த ஒலிம்பிக்கில் தங்கள் கொடியை ஏந்த முடியாமல் போனது என்ற பின்னணியும் பொருந்தி வந்தது. ரஷ்யா எல்லாவற்றையும் மறுத்தது. அந்த ஆறு பேரும் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் வந்து நிற்கும் நாள் வரப்போவதில்லை. குறுக்கு விசாரணையைச் சந்திக்காத குற்றப்பத்திரிகை என்பதை நினைவில் வைத்தே அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் வெவ்வேறு கைகள், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு முனையிலிருந்து இழுத்த நூல்கள் ஒரே கட்டடத்தில் போய்ச் சேர்ந்ததை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

போலி ஒப்பனையை விடவும் சிக்கலானது ஒன்று உண்டு: இன்னொருவரின் ஆயுதக் கிடங்கையே கைப்பற்றிக்கொள்வது. 2019 அக்டோபரில் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டன. முன்பு சொன்ன அதே துர்லா குழு, ஈரானியக் குழு ஒன்றின் தாக்குதல் கருவிகளையும் கட்டளை சர்வர்களையும் கைப்பற்றி, அவற்றின் வழியாகவே வேறு நாடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. இங்கே போலி என்று எதையும் சொல்ல முடியாது. கருவி உண்மையான ஈரானியக் கருவி, சர்வர் உண்மையான ஈரானிய சர்வர். இயக்கிய விரல் மட்டும் வேறு.

இவ்வளவும் ஆனபின், அரசுகள் சில நேரம் எப்படி அத்தனை உறுதியோடு பெயர் சொல்கின்றன? சோனி பிக்சர்ஸ் மீது 2014 நவம்பரில் தாக்குதல் நடந்தது. ஒரு மாதத்துக்குள் எஃப்பிஐ வடகொரியாவைப் பெயர் சொன்னது. வெளியிட்ட ஆதாரம் சொற்பம் என்று சுதந்திர ஆய்வாளர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். நியாயமான மறுப்புதான். முழு விவரம் 2018இல் வந்த நீண்ட பிரமாண வாக்குமூலத்தில்தான் வெளிப்பட்டது: சோனி, பங்களாதேஷ் வங்கியின் 8.1 கோடி டாலர் திருட்டு, வான்னாக்ரை மால்வேர் மூன்றையும் ஒரே மின்னஞ்சல் கணக்குகளும் கணினிகளும் இணைத்தன. மின்னஞ்சல் நிறுவனங்களிடம் நீதிமன்ற ஆணையோடு போகும் அதிகாரம் உள்ளவர்களால்தான் அப்படி ஒரு வலையைப் பின்ன முடியும். இன்னொரு வழி, தாக்குபவனுக்குள்ளேயே நுழைவது. நெதர்லாந்தின் உளவுத்துறை 2014இல் ஒரு ரஷ்யக் குழுவின் வலையமைப்பில் புகுந்து, அவர்கள் இருந்த கட்டடத்தின் கண்காணிப்புக் கேமரா வழியாக உள்ளே வந்து போகும் முகங்களைப் பார்த்தது என்று 2018இல் டச்சு நாளிதழ் டி ஃபோல்க்ஸ்க்ரான்ட் எழுதியது. அப்படிக் கிடைத்த ஆதாரத்தை எந்த அரசு மேசையில் விரித்து வைக்கும்? வைத்தால் அந்தக் கண் அன்றே குருடாகும். எனவே மிக வலுவான ஆதாரம் மிக ரகசியமாக இருக்கிறது, மக்களுக்குக் கிடைப்பது அரசின் சொல். அந்தச் சொல்லை நம்பிப் பொருளாதாரத் தடைகள் விதிக்கப்படுகின்றன. ஒரு நாட்டின் மேல் குற்றம் சுமத்தும் அரசு, தன்னால் காட்ட முடிந்த அளவு ஆதாரத்தையாவது காட்டக் கடமைப்பட்டது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தக் கேள்வி நம் வாசலுக்கும் வந்தது. 2019 அக்டோபர் 28 அன்று, சந்தேகக் கோப்புகளைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்துக்கு வந்திருந்த ஒரு மால்வேர் மாதிரியை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். திருநெல்வேலி மாவட்டத்தின் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பெயர்ச் சுருக்கமும், உள் வலையமைப்பின் முகவரியும், ஒரு பாஸ்வேர்டும் அதற்குள் எழுதப்பட்டிருந்தன. மறுநாள் நிலையம் செய்தியை மறுத்தது. அதற்கு மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் மால்வேர் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4ஆம் தேதியே சர்ட்-இன் தகவல் சொல்லிவிட்டதாகவும், பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினி என்றும், முக்கியமான உள் வலையமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டது என்றும் விளக்கியது. ஒரு கடற்கரையின் மீனவ ஊர்கள் ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி கேட்டுப் போராடிய நிலையம் அது. அவர்களுக்கு இந்தச் செய்தி, ஓர் அந்நியக் கோப்பு தற்செயலாக வெளிச்சத்துக்கு வந்ததால் தெரிந்தது.

யார் அனுப்பியது? மாதிரி டிட்ராக் என்ற மால்வேர்க் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே செப்டம்பரில்தான் காஸ்பர்ஸ்கி, இந்திய வங்கிகளின் ஏடிஎம்களைத் துழாவிய நிரலிலிருந்து தொடங்கி அந்தக் குடும்பத்தைக் கண்டறிந்து, 2013இல் தென்கொரியாவைத் தாக்கிய டார்க்சியோல் நிரல்களோடு அதற்கு ஒப்புமை இருப்பதாகச் சொல்லி, லாசரஸைச் சுட்டியிருந்தது. கூடங்குளம், டிட்ராக், டார்க்சியோல், லாசரஸ், வடகொரியா என்று கண்ணிகள் செல்கின்றன. ரிச் ஹெடரின் அனுபவத்துக்குப் பிறகு ஒவ்வொரு கண்ணியையும் அசைத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆறு ஆண்டு இடைவெளியில், பொதுவெளியில் கிடைக்காத நிரலின் பகுதிகள் திரும்ப வருவதைப் போலியாகச் செய்வது, ஒரு தலைப்பை வெட்டி ஒட்டுவதைவிடப் பல மடங்கு கடினம். அதனால் லாசரஸ் என்ற முடிவை வலுவானது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கழகத்தின் அறிக்கை எந்த நாட்டையும் குறிப்பிடவில்லை. அந்த மாதிரியைப் பிரித்தவர்கள் கண்ட இன்னொரு விவரம் முக்கியமானது. அது கணினியில் சேகரித்த கோப்புப் பட்டியலையும், உலாவியின் வரலாற்றையும், வலையமைப்பு விவரங்களையும் வெளி சர்வர் எதற்கும் நேரடியாக அனுப்பவில்லை. தனக்குள் எழுதியிருந்த பாஸ்வேர்டைக் கொண்டு, நிலையத்தின் வலையமைப்பிலேயே இருந்த வேறொரு கணினியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கிருந்து அவை எந்த நாளில், எந்த முகவரிக்குப் போயின என்பதைச் சொல்லக்கூடியவை அந்தக் கணினியின் பதிவேடுகள். அவை வெளியிடப்பட்டதாகத் தெரியவில்லை.